38 பிள்ளைகள் எழுதிய கூகுள் டாக் ஒரே இரவில் காலி, மீட்க வழி உண்டா?

கண்மாய்க்கரை டீச்சர் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். கம்ப்யூட்டரில் கைநாட்டு இல்லை, அதற்காகப் பெரிய ஆளும் இல்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். எங்கள் பக்கத்து 8 கண்மாய்களைப் பற்றி, குழுவுக்கு ஒன்றாக, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். மடைக்கு என்ன பெயர், கலிங்கு (நிரம்பிய தண்ணீர் வழியும் இடம்) கடைசியாக எப்போது பாய்ந்தது, நீர்க்கட்டியாக (வயல்களுக்குத் தண்ணீர் பகிர்ந்துவிடுபவராக) யார் இருந்தார் என்று. மொத்தம் 38 பேர். ஒரே இடத்தில் சேரட்டும் என்று ஒரே ஒரு கூகுள் டாக் திறந்து, லிங்க் வைத்திருக்கும் யாரும் எடிட் செய்யலாம் என்று வைத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

நான்கு நாள் அருமையாகப் போனது. 22 பக்கம் சேர்ந்திருந்தது. இன்று காலை திறந்தால் 5 பக்கம்தான் இருக்கிறது. மேலே 'கககககக' என்று இரண்டு வரி, கீழே சினிமா வசனம். அதற்கும் கீழே மூன்றாம் குழு ஒன்றுமே நடக்காத மாதிரி தங்கள் கண்மாயைப் பற்றி மேற்கொண்டு எழுதிக்கொண்டு போகிறது!

போனது திரும்பக் கிடைக்குமா? யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? இன்னொன்று, ஆறாம் குழு அனுப்பிய பக்கங்கள் முதல் நாளிலிருந்தே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரிந்தன. அதையும் யாராவது கெடுத்தார்களா?

ஹைடெக் லேப் சார் | செவ்வாய், இரவு 10.05

பதறாதீர்கள் மேடம், கிடைத்துவிடும். நாம் சேமிக்காவிட்டாலும் டாக்ஸ் பழைய நிலைகளை வைத்திருக்கும். போனில் வேண்டாம், லேப்டாப்பில் திறங்கள். ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி, அதற்குள் சீ வெர்ஷன் ஹிஸ்டரி. வலப்பக்கம் தேதியும் நேரமுமாக ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். நேற்று ராத்திரி ஏதோ ஒரு நேரத்தில் 22 பக்கமும் முழுசாக இருக்கும்.

அதைக் கண்டதும் ஆசையில் 'ரீஸ்டோர்' பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் டாக் நேற்றைய நிலைக்குப் போய்விடும், மூன்றாம் குழு அதற்குப் பிறகு எழுதியது கண்ணில் படாது. அந்தப் பிள்ளைகள் வந்து நம்மிடம் அழும். அதற்குப் பதில், அந்த நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் 'மேக் எ காப்பி' என்று வரும். அது உங்கள் டிரைவில் தனி ஃபைலாக விழும். இன்றைய டாக்கிலிருந்து மூன்றாம் குழுவின் புதுப் பகுதியை மட்டும் வெட்டி அதில் ஒட்டுங்கள். இனி அதுதான் அசல்.

தவறிப்போய் ரீஸ்டோரை அழுத்தினாலும் குடி முழுகிவிடாது. இன்றைய நிலையும் அதே பட்டியலில் இருக்கும், திரும்பிப் போகலாம்.

பின்பெஞ்ச் பழைய மாணவன் | செவ்வாய், இரவு 10.31

யார் என்று தேடுவதை விட்டுவிடுங்கள் டீச்சர். கூகுள் கணக்கில் நுழையாமல் லிங்க் வழியாக வருபவர்களுக்கு டாக்ஸ் ஒரு மிருகத்தின் பெயரைக் கொடுத்து மேலே வட்டமாகக் காட்டும், பார்த்திருப்பீர்கள். ஹிஸ்டரியில் அவர்கள் எல்லாரும் ஒரே அனாமதேயக் கூட்டமாகத்தான் நிற்பார்கள். பெயர் தெரிந்தாலும் அது அப்பாவின் கணக்காக இருக்கும். போன் அவருடையது, எழுதியது மகள், நடுவில் பிடுங்கியது தம்பி என்றால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பீர்கள்?

போனில் 'செலக்ட் ஆல்' தொட்டுவிட்டு ஒரு எழுத்தை அழுத்தினால் 22 பக்கமும் போய் அந்த ஒரு எழுத்து மட்டும் நிற்கும். அந்த 'க' வரிசை அப்படி வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. வசனம் எழுதியது வேண்டுமென்றேதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. (என் வகுப்பில் இருந்திருந்தால் வசனம் நான்தான்.)

ஆறாம் குழு விஷயம் வேறு. யாரும் கெடுக்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் டைப் செய்து வாங்கியிருப்பார்கள், அங்கே பாமினியோ வானவில்லோ போன்ற பழைய எழுத்துரு. அவற்றில் அடியில் இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும். எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருள் இதைச் செய்யும். எந்த எழுத்துரு என்று கடையில் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள், இல்லையென்றால் குப்பை வேறு குப்பையாகும். இரண்டு மூன்று பக்கம்தான் என்றால் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். லேப்டாப்பில் குரோமில் திறந்தால் டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் இருக்கிறது, தமிழ் கேட்கும். ஊர்ப்பேச்சில் சொன்னால் கொஞ்சம் தடுமாறும்.

கணக்கு வாத்தியார் | புதன், காலை 6.50

நான் பட்டது இதைவிட மோசம். மதிப்பெண் பட்டியலை ஷீட்ஸில் போட்டு எல்லாருக்கும் எடிட் உரிமை கொடுத்திருந்தேன். ஒருவன் பெயர் இருந்த நெடுவரிசையை மட்டும் அகரவரிசையில் அடுக்கிவிட்டான். பெயர்கள் நகர்ந்தன, மதிப்பெண்கள் நகரவில்லை. வகுப்பில் முதல் மாணவி கணக்கில் ஃபெயில்! அப்புறம்தான் ஷீட்ஸில் குறிப்பிட்ட பகுதியைப் பூட்டிவைக்கலாம் என்று தெரிந்துகொண்டேன். டாக்ஸில் அப்படிப் பக்கத்துக்குப் பக்கம் பூட்டுப் போட வழியில்லை.

ஆகவே குழுவுக்கு ஒன்றாக 8 டாக் திறந்துவிடுங்கள். குழுத்தலைவரின் மெயிலைப் போட்டு எடிட்டர் ஆக்குங்கள், மற்ற குழுக்கள் வியூவர். சேர்த்துத் தைப்பது நம் வேலை.

கண்மாய்க்கரை டீச்சர் | புதன், மாலை 5.20

22 பக்கமும் வந்துவிட்டது! திங்கள் ராத்திரி 9.12 மணி நிலையில் முழுசாக இருந்தது சார். மூன்றாம் குழுவையும் காப்பாற்றிவிட்டேன். ஜெராக்ஸ் கடைத் தம்பி பாமினி என்று சொன்னார், மாற்றியாயிற்று. வசனம் எழுதியது யார் என்று நான் வகுப்பில் கேட்கவே இல்லை.

ஒரு மாதிரிப் படிவம் மட்டும் நான் தயாரித்து, எல்லாரும் அதில் ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்ளும்படி செய்ய முடியுமா? படங்களையும் பிள்ளைகள் ஏற்றினால் என் 15 ஜிபி தாங்குமா?

ஹைடெக் லேப் சார் | புதன், இரவு 8.15

முடியும். படிவத்தை லிங்க் உள்ளவர்கள் பார்க்கலாம் என்ற அளவில் மட்டும் வையுங்கள். முகவரியின் கடைசிச் சாய்கோட்டுக்குப் பிறகு ஆங்கிலத்தில் எடிட் என்று இருக்கும். அதிலிருந்து கடைசி வரை அழித்துவிட்டு, ஆங்கிலத்திலேயே காப்பி என்று அடித்து அனுப்புங்கள். திறப்பவரிடம் நகல் எடுக்கவா என்றுதான் கேட்கும், அசலைத் தொட முடியாது. கூகுள் கணக்கு வேண்டும். அந்த நகல் பிள்ளையுடைய டிரைவில் இருக்கும் என்பதால் அவர்கள் உங்களுக்குத் திரும்ப ஷேர் செய்தால்தான் கண்ணில் படும். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். கூகுள் கிளாஸ்ரூமில் இந்தத் தொல்லை இல்லை, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல் என்று கொடுத்தால் தானாகவே உங்களுக்கும் தெரியும். தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

உங்கள் ஃபோல்டரில் அவர்கள் தங்கள் கணக்கிலிருந்து ஏற்றும் படம் அவர்கள் கணக்கில் கழியும். கூகுள் ஃபார்ம் வழியாக வாங்கினால் உங்கள் கணக்கில் கழியும். ஜிமெயிலுக்கும் அதே 15 ஜிபிதான், நிரம்பினால் மெயிலும் வராது.

பின்பெஞ்ச் பழைய மாணவன் | புதன், இரவு 8.40

டீச்சர், முதல் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் ஏதாவது போட்டிருந்தீர்களா?

கண்மாய்க்கரை டீச்சர் | புதன், இரவு 8.52

ஆமாம் தம்பி. 38 பேர் பெயர், பெற்றோர் செல் நம்பர். குழுவினர் தொடர்புகொள்ள வசதியாக இருக்கட்டும் என்று.

பின்பெஞ்ச் பழைய மாணவன் | புதன், இரவு 8.55

புது நகலிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். பழைய டாக்கின் லிங்க் இன்னும் அந்த வாட்ஸ்அப் குழுவில்தானே கிடக்கிறது? அங்கிருந்து எத்தனை குழுவுக்குப் போனதோ. ஹிஸ்டரியிலும் அந்தப் பட்டியல் இருக்கும், எடிட் உரிமை உள்ள யாரும் பார்க்கலாம். ஷேரில் போய் ரெஸ்ட்ரிக்டட் (நாம் சேர்த்தவர்கள் மட்டும் திறக்கலாம்) என்று மாற்றினீர்களா?

கண்மாய்க்கரை டீச்சர் | புதன், இரவு 9.30

ஐயோ, இல்லை. இப்போதுதான் மாற்றினேன். அதற்குள் அனுமதி கேட்டு 6 மெயில் வந்துவிட்டது. அதில் இரண்டு பேர் யார் என்றே எனக்குத் தெரியவில்லை.