அம்மாவுக்குத் தமிழில் ஆன்லைன் கவுன்சிலிங்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பா தவறி ஏழு மாதம் ஆகிறது. அம்மா இன்னும் காலையில் இரண்டு டம்ளர் காபி ஆற்றி, ஒன்றை அவர் நாற்காலிப் பக்கத்தில் வைக்கிறார். தூக்கம் இல்லை, சாப்பாடும் பேருக்குத்தான். புதுக்கோட்டை பக்கம் கிராமம், டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று அழுகிறார். நான் பெங்களூருவில். போனில் கேட்கும்போது உடைந்துபோகிறேன்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு நானே பேசிப் பார்த்தேன். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பொறுமையாகக் கேட்டார்கள். அம்மாவுக்கு வேண்டியது வாராவாரம் ஒரே முகம். ஊர்த் தமிழில் பேசும், கொஞ்சம் வயதான பெண் ஆலோசகர் யாராவது வீடியோவில் பார்க்கிறார்களா? கட்டணம் எவ்வளவு வரும்? கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்க வேண்டும் என்று தெரியும். கவுன்சிலர் என்று மட்டும் போட்டிருப்பவர்களை எப்படிச் சரிபார்ப்பது?

இன்னொன்று. வீட்டில் அண்ணன் குடும்பமும் இருக்கிறது, அண்ணி காதில் விழுமோ என்று அம்மா வாயே திறக்க மாட்டார். இந்தச் சிக்கலை யாராவது சமாளித்திருக்கிறீர்களா? முதல் தடவை அம்மாவை எப்படிப் பேச உட்கார வைத்தீர்கள்? அதை மட்டுமாவது சொல்லுங்கள், ப்ளீஸ்.