உமரிச் சாறும் தசைச் செல்லும்: எம்டிடி சோதனையில் உதவி வேண்டும்

வணக்கம். ராமநாதபுரம் கடற்கரைத் தேவிபட்டினம் பக்கத்து உவர் நிலத்தில் வளரும் உமரிச் செடி. நிழலில் உலர்த்தி, 1:10 அளவில் 70% எத்தனாலில் 48 மணி நேரம் ஊறவைத்து, 40 டிகிரிக்கு மேல் சூடேறாமல் வற்றவைத்த சாறு. சுண்டெலித் தசைச் செல்லான சி2சி12-ஐ செல்லைச் சிதைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து இந்தச் சாறு காக்கிறதா என்பதுதான் சோதனை. எம்டிடி (உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும் மஞ்சள் சாயம்; நிறத்தை வைத்து உயிர்ப்பை அளப்பது) 120% உயிர்ப்பு காட்டுகிறது. நம்புகிற மாதிரி இல்லை.

செல்லே இல்லாத குழியும் ஊதாவாகிறது. சாற்றில் உள்ள பாலிபீனால்கள் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தாவரப் பொருள்கள்) எம்டிடிக்கு நேரடியாகவே எலக்ட்ரான் கொடுத்து ஊதாவாக்குகின்றன. ஆகவே சாற்றை 24 மணி நேரம் கொடுத்து, பிபிஎஸ்ஸில் (செல் கழுவும் உப்புக் கரைசல்) இருமுறை கழுவி, பிறகே பெராக்சைடு. சேர்த்துக் கொடுத்தால் சாறு செல் வளர்க்கும் ஊடகத்திலேயே பெராக்சைடை முடித்துவிடும், செல்லுக்கு அதில் வேலையே இல்லை. ஊடகத்தில் சோடியம் பைருவேட் இருந்தாலும் இதே கதி (பாட்டில் லேபிளைப் பாருங்கள், பலர் பார்ப்பதில்லை). சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ கடைசி அளவில் 0.1% தாண்டவில்லை.

தீராத சிக்கல், செடியிலிருந்து சாற்றோடு வரும் உப்பு. மில்லிக்கு 100 மைக்ரோகிராம் அளவில் அது செல்லைக் கொல்லாது, எடையைத்தான் ஏமாற்றும். எடைபோட்டதில் பாலிபீனால் எவ்வளவு, உப்பு எவ்வளவு?

உப்பை நீக்க எத்தில் அசிட்டேட்டில் பிரித்தால் ஃபிளேவனாய்டு கிளைகோசைடுகள் (சர்க்கரை சேர்ந்த பாலிபீனால்கள்) நீரிலேயே தங்கிவிடுமே. பியூட்டனால் சரிவருமா, சி18 குழாயா (உப்பை விட்டுவிட்டுப் பாலிபீனாலைப் பிடித்துவைக்கும் பொடி அடைத்தது)? எம்டிடிக்குப் பதில் எல்டிஹெச் (சிதைந்த செல்லிலிருந்து கசியும் நொதி) பார்த்தவர்கள் உண்டா? அழற்சிக்கு எல்பிஎஸ் (பாக்டீரியா உறைப் பொருள்) கொடுத்து ஐஎல்-6 (அழற்சியைக் காட்டும் புரதம்) அளந்தவர்கள், செல்கள் இணைந்து மயோடியூப் (தசை இழை) ஆன எத்தனையாவது நாளில் கொடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.