அப்பாச்சி லாக்கில் விசித்திர வரிகள், சர்வர் போச்சா? அவசரம்

பத்தமடைக்காரன் | காலை 7.50
மாமாவின் பாய்க்கடை ஆர்டர் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நேற்று ராத்திரியிலிருந்து அப்பாச்சி வெப்சர்வரின் லாக்கில் (யார் எதைக் கேட்டார்கள் என்ற பதிவில்) ஒரே மாதிரி வரிகள். சிஜிஐ-பின் என்று தொடங்கி, புள்ளி, சதவீதக் குறி, 2இ என்று நாலைந்து தடவை வந்து, சர்வரின் பயனர் பட்டியல் இருக்கும் ஈடிசி பாஸ்வேர்டு கோப்பில் முடிகிறது. தை முகூர்த்தத்துக்குப் பெயர் போட்ட பட்டுப்பாய் ஆர்டர் எல்லாம் உள்ளே கிடக்கிறது. ஹேக் ஆகிவிட்டதா? சீக்கிரம் சொல்லுங்கள்.

மேலப்பாளையம்_நெட் | 8.05
எந்தப் பதிப்பு? எந்த ஓஎஸ்? வரியின் கடைசியில் 404 (கிடைக்கவில்லை), 200 (கொடுத்தாயிற்று) என்று ஏதாவது எண் இருக்குமே, அது என்ன?

ஜங்ஷன்_மணி | 8.12
வேர்ட்பிரஸ் பிளகின்தான், சந்தேகமே வேண்டாம். எல்லா பிளகினையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

பத்தமடைக்காரன் | 8.20
வேர்ட்பிரஸ் இல்லை. வெறும் பிஎச்பி.

ஜங்ஷன்_மணி | 8.21
அப்படியானால் தீம்.

மூத்தவர்_72 | 8.40
லாக் வாசிக்கத் தெரியாதவர்கள் எல்லாம் சர்வர் வைத்தால் இப்படித்தான். இது 2021 அக்டோபரிலேயே நாறிப்போன ஓட்டை. அப்பாச்சி 2.4.49-இல் முகவரியைச் சுத்தம் செய்யும் பகுதியை மாற்றினார்கள். அதில் 2இ என்று மறைத்து எழுதிய புள்ளியைக் கவனிக்காமல் விட்டார்கள். தளத்தின் கோப்புறையைத் தாண்டி மேலே ஏறிவிடலாம். 2.4.50-இல் அடைத்தார்கள், இரண்டு முறை மறைத்து எழுதினால் அதுவும் திறந்தது. சில நாளில் 2.4.51 வந்தது. தேடிப் படித்திருக்கலாம்.

பத்தமடைக்காரன் | 9.02
உபுண்டு 20.04. அதன் மென்பொருள் புதுப்பிப்புக் கட்டளையான ஆப்ட் அப்கிரேடு போட்டேன், எல்லாம் புதுசாகத்தான் இருக்கிறது என்கிறது. வரிகள் மட்டும் நிற்கவில்லை.

மூத்தவர்_72 | 9.06
20.04-இல் வருவது அப்பாச்சி 2.4.41. ஓட்டை பிறந்ததே 2.4.49-இல். பழசாக இருந்ததாலேயே தப்பித்தீர். போய்த் தூங்கும்.

குறுக்குத்துறை | 9.10
இதுக்குத்தான் அப்பாச்சிக்குப் பதில் என்ஜின்எக்ஸ் வெப்சர்வர் போடுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன்.

மேலப்பாளையம்_நெட் | 9.13
ஏன்வே, என்ஜின்எக்ஸில் ஓட்டையே வந்ததில்லையா? முகவரியைக் கோப்புறையோடு இணைக்கும் ஏலியாஸ் வரியில் ஒரு சாய்கோடு விட்டுப்போனால் அங்கேயும் இதே கதைதான்.

குறுக்குத்துறை | 9.15
அது எழுதினவன் தப்பு. மென்பொருள் தப்பு இல்லை.

மேலப்பாளையம்_நெட் | 9.16
இங்கேயும் பாதி அப்படித்தான். அப்பாச்சியோடு வரும் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் மூலக் கோப்புறைக்கு 'எல்லாருக்கும் மறுப்பு' போட்டிருக்கும். அதை எடுக்காதவனுக்கு 2.4.49-இலும் இந்த வழியாகக் கோப்பு போகாது.

குறுக்குத்துறை | 9.18
எடுக்கிறானே எல்லாரும்!

(இப்படியே இன்னும் பதினோரு பதில் போயிற்று. ஹெச்டிஅக்செஸ் என்ற அமைப்புக் கோப்பு நல்லதா கெட்டதா என்று வேறு.)

பாளை_அக்கா | 10.30
தம்பி, இவர்கள் சண்டையை விடுங்கள். வரிகள் நிற்காது. இணையத்தில் இருக்கிற சர்வர் ஒவ்வொன்றையும் பாட்கள் (தானாக ஓடும் நிரல்கள்) தட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். தட்டினது முக்கியம் இல்லை, கதவு திறந்ததா என்பதுதான். காலையிலிருந்து கேட்ட எண்ணை நீங்கள் இன்னும் சொல்லவில்லை. 400, 403, 404 என்றால் கவலையில்லை. 200 என்றால் பக்கத்தில் இருக்கும் பைட் அளவைப் பாருங்கள். எந்த முகவரி கேட்டாலும் முகப்பையே காட்டும் தளங்கள் உண்டு, அங்கே 200 வந்தாலும் அளவு முகப்பின் அளவாகவே இருக்கும். பாஸ்வேர்டு கோப்பின் அளவோடு ஒத்துப்போனால்தான் விஷயம். அதில் கடவுச்சொல் இருக்காது, அது ஷேடோ கோப்பில். ஆனால் அதைக் கொடுத்த சர்வர் உங்கள் டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கிற பிஎச்பி கோப்பையும் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்று. ஆப்டில் இருப்பதுதான் ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? சர்வரை யார் போட்டுக் கொடுத்தது? ஓடுகிற புரோசஸ் எந்தக் கோப்புறையிலிருந்து கிளம்பியது என்று பாருங்கள்.

மூத்தவர்_72 | 10.34
அம்மா, 20.04 என்றால் 2.4.41தான். முப்பது வருஷ அனுபவம்.

பத்தமடைக்காரன் | 11.15
முன்னால் ஒரு பையன் போட்டுக் கொடுத்தான் அக்கா. யூஎஸ்ஆர் லோக்கல் கோப்புறைக்குள் அப்பாச்சி2 என்று ஒன்று ஓடுகிறது. 2.4.49 என்கிறது. மறுப்பு வரியை அனுமதி என்று மாற்றியிருக்கிறான். மூன்று வரியில் 200. அளவும் ஒத்துப்போகிறது.

பாளை_அக்கா | 11.17
மூலக்கோடிலிருந்து கம்பைல் செய்திருக்கிறான். ஆப்ட் தான் வைத்ததைத்தான் புதுப்பிக்கும், இதைத் தொடாது. உடனே அப்பாச்சியை நிறுத்துங்கள். எதையும் அழிக்காமல் லாக்கையும் டிஸ்க்கையும் நகல் எடுங்கள். டேட்டாபேஸ் கடவுச்சொல், பேமென்ட் சாவி எல்லாம் மாற்றுங்கள். அப்புறம், பின் எஸ்எச் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) என்று முடிகிற போஸ்ட் வரிகள், அதாவது சர்வருக்குத் தரவு அனுப்பிய வரிகள், இருக்கிறதா? சர்வரில் நிரல்களை ஓட்டவிடும் சிஜிஐ மாட்யூல் ஏற்றியிருந்தால் அந்த வழியில் கட்டளையே ஓட்டியிருப்பார்கள். அப்படியானால் மேலே ஒட்டுப்போடுவது வேண்டாம், புது சர்வர்தான். எப்படியும் 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது, 24.04-இல் போடுங்கள்.

ஜங்ஷன்_மணி | 11.25
நான் பிளகின் என்று சொன்னதும் ஒரு வகையில் இதுதான்.

பத்தமடைக்காரன் | மதியம் 1.40
நிறுத்திவிட்டேன். மாமா ஆர்டர் எல்லாம் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டார். நன்றி அக்கா.

பாளை_அக்கா | 1.42
போஸ்ட் வரி இருந்ததா தம்பி?

பாளை_அக்கா | மறுநாள் காலை 8.10
தம்பி?

குறுக்குத்துறை | 8.30
பட்டுப்பாய் ஜோடி என்ன விலை வரும்?