காவடி வீடியோக்களைப் பார்ப்பவர்களே சுமப்பார்களா?

கடல்காத்தான்:
மலையடிவாரம் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "காவடி வீடியோக்களை யூடியூபிலிருந்து எடுத்து நம் சொந்த பியர்டியூபில் போடுவோம். பார்ப்பவர்களே சுமையைப் பகிர்ந்துகொள்வார்கள், சர்வர் செலவே இருக்காது" என்கிறார். செலவே இருக்காதா? பியர்டியூப் என்பது சொந்த சர்வரில் வீடியோ தளம் நடத்துவதற்கான மென்பொருள். அதில் ஒரே வீடியோவை ஒரே நேரத்தில் பலர் பார்த்தால்தான் ஒருவருடைய பிரவுசர் அடுத்தவருக்கு வீடியோத் துண்டுகளை அனுப்பும். இங்கே மொரீஷியஸில், ரோஸ்ஹில்லில் ஒருவர் ராத்திரி தனியாகப் பழைய காவடியைப் பார்த்தால் அத்தனையும் சர்வரிலிருந்துதான் வர வேண்டும்.

மலையடிவாரம்:
ஒரே நேரத்தில்தான் பார்ப்பார்கள் ஐயா! தைப்பூசத்தன்று மொரீஷியஸ் முழுக்க விடுமுறை. கோர்தெகார்து மலைக்கோயில் நேரலையை எத்தனை வீடுகள் பார்க்கும்! பியர்டியூபில் 2021இலிருந்தே நேரலை உண்டு. தெரிந்துகொண்டு பேசுங்கள்.

கடல்காத்தான்:
தெரிந்துதான் பேசுகிறேன். அது ஒரு நாள். மீதி 364 நாள்? நம்மிடம் இருப்பதில் முக்கால்வாசி பழைய வீடியோ. ஒரே நேரத்தில் இரண்டு பேர் பார்த்தாலே அதிசயம். வீடியோவை ஏற்றியதும் 1080, 720, 480 என்று வெவ்வேறு படத்தரத்துக்கு மாற்றி வைப்பதும் சர்வர்தான். பார்ப்பவர் யாரும் அதைச் செய்ய மாட்டார்.

குவாத்ர்போர்ன் தங்கச்சி:
என் அம்மா ப்ரீபெய்டு டேட்டாவில் பார்க்கிறார். அவர் போன் முன்பின் தெரியாதவர்களுக்கு வீடியோ அனுப்பினால் அந்த டேட்டாவுக்கு யார் காசு கொடுப்பது? இணையத்தில் நம் இணைப்பைக் காட்டும் ஐபி முகவரியும் மற்றவர்களுக்குத் தெரியுமாமே?

மலையடிவாரம்:
பகிர்வதை அமைப்புகளில் அணைத்துவிடலாம் தங்கச்சி. ஒரே சொடுக்கு.

கடல்காத்தான்:
ஆளாளுக்கு அணைத்துவிட்டால் சுமப்பது யார்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

சென்தெனி பையன்:
பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். உண்மையில் சுமையைப் பகிர வேண்டியது சர்வர்கள். ஒரு பியர்டியூப் சர்வர் இன்னொன்றின் வீடியோக்களுக்கு நகல் வைத்துக்கொள்ள முடியும். அதிகம் பார்க்கப்படுபவை, புதியவை என்று தேர்ந்தெடுக்கலாம், எவ்வளவு இடம் என்றும் வரம்பு வைக்கலாம். நாங்கள் இங்கே அப்படி ஒரு சர்வர் வைக்கத் தயார். இரண்டு தீவுகளையும் சேஃப் என்ற கடலடி இணையக் கேபிள் 2002இலிருந்தே இணைக்கிறது.

மலையடிவாரம்:
எங்கள் மலைக்கோயில் காவடி ரெயூனியனில் கிடக்க வேண்டுமா? சொந்தமாகச் செய்யத்தானே இவ்வளவு பாடு!

சென்தெனி பையன்:
நகல் என்றேன் அண்ணே. அசல் உங்களிடமேதான் இருக்கும். இங்கேயும் காவடி எடுக்கிறோம், அதை மறந்துவிட வேண்டாம்.

கடல்காத்தான்:
தம்பி சொல்வது நியாயம். ஆனால் அந்த நகலுக்கும் டிஸ்க் வேண்டும், மாதாமாதம் பணம் வேண்டும். செலவு இரண்டு இடத்தில் ஆகும், அவ்வளவுதான். போன வருடம் ஹார்ட் டிஸ்க் வாங்க ஆளுக்குக் கொஞ்சம் கேட்டபோது மலையடிவாரம் கொடுத்தாரா? இன்றுவரை இல்லை. அந்த டிஸ்க்கில்தான் அவர் எடுத்த வீடியோவும் இருக்கிறது.

மலையடிவாரம்:
அதை இங்கே இழுக்காதீர்கள்! பத்து நாள் விரதத்தோடு வெயிலில் நின்று படம் பிடித்தவன் நான். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தீர்கள்.

குவாத்ர்போர்ன் தங்கச்சி:
என் அம்மாவின் டேட்டாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

மலையடிவாரம்:
அணைக்கலாம் என்று சொல்லிவிட்டேனே!

கடல்காத்தான்:
அணைத்துவிட்டால் சுமப்பது யார் என்று நானும் கேட்டுவிட்டேன். கடைசியாகச் சொல்கிறேன்: ஒரே வீடியோ, ஒரே நேரம், இரண்டு பேராவது. அது இல்லையென்றால் சர்வர்தான். முதலில் டிஸ்க் பணத்தைக் கொடுங்கள், பிறகு பேசுவோம்.