அம்மாவுக்கு ஸ்பைனல் ஸ்டெனோசிஸ்: ஆபரேஷன் இல்லாமல் நடக்கும் தூரம் கூடுமா?

அம்மாவுக்கு வயது 68. கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு இடையில் முதுகுத்தண்டின் உள்வழி குறுகி நரம்பை அழுத்துகிறது என்று எம்ஆர்ஐ சொல்கிறது. இடுப்பு வலி பல வருடமாக உண்டு, ஆனால் கால் பிரச்சினை போன வருடம்தான் தொடங்கியது. தெருமுனை வரை நடப்பதற்குள் இரண்டு கெண்டைக்காலும் மரத்துக் கனத்துவிடும், எதையாவது பிடித்துக் குனிந்து நின்றாலோ உட்கார்ந்தாலோ கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துச் சாய்ந்தபடி என்றால் நிறைய தூரம் நடக்கிறார், வெறுங்கையோடு முடியவில்லை. கால் ரத்த ஓட்டத்துக்கு டாப்ளர் பார்த்தாயிற்று, அதில் குறை இல்லை. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் சிக்கல் இல்லை, பாதத்தில் பலக்குறைவும் இல்லை. அதனால் ஆபரேஷனுக்கு அவசரம் இல்லை என்கிறார் டாக்டர், அம்மாவுக்கும் அதில் விருப்பமில்லை.

இதுவரை செய்தது: நரம்பு வலிக்கான பிரகாபலின் மாத்திரை கொடுத்தோம், தலைசுற்றல் தாங்காமல் டாக்டரே நிறுத்திவிட்டார். முதுகுத்தண்டில் நரம்பைச் சுற்றிப் போடும் எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நன்றாகக் கேட்டது, அப்புறம் பழையபடி. பெல்ட் போட்டால் நிற்கும்போது மட்டும் கொஞ்சம் நிம்மதி. பிசியோவில் முதலில் குப்புறப் படுத்து முதுகைப் பின்னால் வளைக்கும் பயிற்சி கொடுத்தார்கள், அதில் கால் மரப்பு கூடியது. இப்போது முழங்காலை மார்புக்கு இழுப்பது மட்டும் செய்கிறார், வலி குறைகிறது, நடக்கும் தூரம் கூடவில்லை.

இதே நிலையில் இருந்து ஆபரேஷன் இல்லாமல் நடக்கும் தூரத்தைக் கூட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: எந்தப் பயிற்சியை, எவ்வளவு காலம் செய்த பிறகு மாற்றம் தெரிந்தது?