சி.எம்.எல். இரத்தப் புற்றுநோய்: இரத்த அணுக்கள் சீரானபின் மாத்திரையை நிறுத்தலாமா?

செம்பூரிலிருந்து ஒரு தங்கை:
வணக்கம். என் அண்ணனுக்கு வயது 42. இடப்பக்க விலாவுக்குக் கீழே கனக்கிறது என்று சொல்லிவந்தவருக்கு மண்ணீரல் வீங்கியிருப்பதும், வெள்ளையணுக்கள் ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டியிருப்பதும் தெரியவந்தன. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்குப் பின் சி.எம்.எல். வகை இரத்தப் புற்றுநோய் என்று உறுதிசெய்து, தினமும் 400 மி.கி. இமாட்டினிப் மாத்திரை கொடுக்கிறார்கள். மூன்று மாதம் ஆகப்போகிறது. அணுக்கள் இயல்பு நிலைக்கு வந்துவிட்டன. காலையில் கண்ணிமை வீங்குகிறது, இரவில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்கிறது என்பதால் மாத்திரையை நிறுத்திவிடப் போவதாகச் சொல்கிறார். உறவினர்களோ மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்தே தீரவேண்டும் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து, அதே நோயுள்ளவர்:
அம்மா, தயவுசெய்து அவரை நிறுத்தவிடாதீர்கள். நானும் பல ஆண்டுகளாக இதே மாத்திரையில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். சாப்பாட்டுக்குப் பின் பெரிய குவளைத் தண்ணீருடன் விழுங்கினால் குமட்டல் குறையும். வீக்கத்தையும் சதைப்பிடிப்பையும் மருத்துவரிடம் சொன்னால் அதற்கு வழி செய்வார். ஒருகாலத்தில் மாதத்திற்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்லப்பட்ட மருந்து இது. இதன் காப்புரிமைக் கோரிக்கையை 2013இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்ததால்தான், இந்திய நிறுவனங்களின் மலிவு மாத்திரை நம் போன்றோருக்குத் தொடர்ந்து கிடைக்கிறது. அப்படிக் கிடைப்பதைப் பாதியில் விடுவது நெஞ்சு பொறுக்காத காரியம்.

பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவர்:
சாதாரண இரத்தப் பரிசோதனை அணுக்களை எண்ணுமே தவிர, நோயை அளக்காது. 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் உருவாகும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். (BCR-ABL) என்ற மரபணுதான் அணுக்களை ஓயாமல் பெருக வைக்கிறது. அது உண்டாக்கும் புரதத்தின் வேலையை இமாட்டினிப் தடுக்கிறது. ஆகவே அந்த மரபணுவின் அளவை மூன்று மாதத்திற்கு ஒருமுறை பார்க்கவேண்டும். மூன்றாம் மாதத்தில் 10 சதவீதத்திற்குள்ளும், ஓராண்டில் 0.1 சதவீதத்திற்குள்ளும் வந்தால் சிகிச்சை சரியாகப் போகிறது என்று பொருள். கையில் எடுக்கும் இரத்தமே போதும். ஒவ்வொரு முறையும் இடுப்பெலும்பில் ஊசி போடவேண்டியதில்லை. அளவு இறங்காவிட்டால் டாசாட்டினிப், நிலோட்டினிப் போன்ற அடுத்த மருந்துகள் உள்ளன. அவையும் பலிக்காதவர்களுக்கும், நோய் முற்றியவர்களுக்குமே மஜ்ஜை மாற்று பேசப்படும். பல ஆண்டு சிகிச்சையில் மிகக் குறைந்த அளவு நீடித்தவர்கள் மட்டும் மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்திப் பார்ப்பதுண்டு. அவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது.

செம்பூரிலிருந்து, மீண்டும்:
மிக்க நன்றி. எங்களிடமுள்ள அறிக்கைகளில் அணுக்களின் எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது. இரண்டு பதில்களையும் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மரபணுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவதாகவும், அதுவரை மாத்திரையைத் தொடர்வதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.