இலவச வக்கீல் என்று தயங்கினேன்: அமெரிக்க பெடரல் வழக்கு அனுபவங்கள்

என் அக்கா மகன் மேல் பெடரல் வழக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசு போடும் வழக்கு, வந்தது 2022-இல். அப்போது நியூ ஜெர்சியில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தான். கூடப் படித்த ஒருவன், "சில வீட்டு வாசல்ல பார்சல் வந்து இறங்கும், எடுத்துக் கொடுத்தா ஒண்ணுக்கு இவ்வளவு டாலர்" என்று சொல்ல, இவனும் போயிருக்கிறான். பார்சலுக்குள் இருந்தது ரொக்கப் பணம். போனில் அரசு அதிகாரி போலப் பேசி மிரட்டிய கும்பலுக்குப் பயந்து வயதானவர்கள் அனுப்பிய பணம்.

ஒருநாள் காலை ஆறு மணிக்கு இரண்டு ஏஜெண்டுகள் கதவைத் தட்டினார்கள். கைது செய்ய வரவில்லை, பேசத்தான் வந்தோம் என்றார்கள். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "அந்த வீட்டுப் பக்கமே நான் போனதில்லை" என்று சொல்லிவிட்டான். அவன் போன் எங்கெங்கே இருந்தது என்ற விவரம் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. விசாரணைக்குத் தொடர்புள்ள ஒன்றில் பெடரல் ஏஜெண்டிடம் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம். ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு, சத்தியப்பிரமாணம் எடுத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கைது செய்யாமல் வீட்டு வாசலில் பேசும்போது, "நீ பேசாமல் இருக்கலாம்" என்று அவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது.

மூன்று வாரம் கழித்துக் கைது செய்தார்கள். காகிதத்தில் "அதிகபட்சம் 20 ஆண்டு" என்றிருந்தது. அதைப் படித்துவிட்டு அக்காவுக்குப் போன் போட எனக்குக் கை வரவில்லை.

நான் பார்த்த தனியார் வக்கீல் முன்பணமாக 75,000 டாலர் கேட்டார். ஊரில் நிலத்தை விற்கலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டோம். அதற்குள் மாஜிஸ்திரேட் முன்னால் முதல் நாள் ஆஜர். அவனுடைய வரவு செலவை ஒரு படிவத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, வசதி இல்லாதவர்களுக்காக வாதாடும் பெடரல் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்து வக்கீலை நியமித்தார்கள். எனக்கு வயிறு கலங்கியது. இலவசமாக வருகிற வக்கீல் என்ன செய்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அது பெரிய தப்பு. இவர்கள் பெடரல் வழக்குகளையே தினமும் நடத்துகிறவர்கள். அங்கே இருக்கும் நீதிபதிகளையும் அரசு வக்கீல்களையும் நன்றாகத் தெரிந்தவர்கள். வசதி இல்லாதவனுக்கும் வக்கீல் கொடுத்தே ஆகவேண்டும் என்று 1963-இல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெடரல் கோர்ட்டில் அந்த வக்கீலுக்குச் சம்பளம் கொடுக்க அடுத்த வருடமே தனிச் சட்டம் வந்தது.

அந்த வக்கீலம்மா முதலில் ஜாமீனுக்குப் போராடினார். ஊரை விட்டு ஓடிவிடுவானா, மற்றவர்களுக்கு ஆபத்தா என்ற இரண்டும்தான் அங்கே முக்கியக் கேள்வி. நானும் என் மனைவியும் ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, காலில் கண்காணிப்புக் கருவி மாட்டி என் வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் சாயங்காலம் அந்தக் கருவிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். சுவரில் பிளக் இருக்கும் மூலையில் காலை நீட்டி அவன் உட்கார்ந்திருப்பான். அவன் அத்தை, என் மனைவி, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

20 ஆண்டு என்பது சட்டத்தின் உச்சவரம்பு என்று வக்கீல் புரியவைத்தார். நிஜத் தண்டனைக்கு நீதிபதி ஒரு அட்டவணையைப் பார்ப்பார். அதில் குற்றத்தின் கனத்துக்கு 43 படி, பழைய குற்ற வரலாற்றுக்கு ஆறு கட்டம். பண மோசடியில் இழப்புத் தொகை ஏற ஏறப் படியும் ஏறும். 2005-க்குப் பிறகு அந்த அட்டவணை நீதிபதியைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அரசுத் தரப்பு இவன் தலையில் 1,10,000 டாலர் வைத்திருந்தது. வக்கீல் ஒவ்வொரு பார்சலுக்கும் தேதியும் நேரமும் எடுத்து, கல்லூரி லேபில் இவன் கார்டு தேய்த்த பதிவோடு ஒப்பிட்டார். இரண்டு பார்சல் கைமாறிய நேரத்தில் இவன் லேபுக்குள் இருந்திருக்கிறான். தொகை 62,000-க்கு இறங்கியது.

கோர்ட்டில் வழக்கை நடத்திப் பார்க்கலாம், குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம், எது வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியவன் அவன்தான் என்று எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு அவனிடம் மட்டும் பேசினார். ஒப்புக்கொண்டான். பொறுப்பை ஏற்றதற்காகப் படி குறைந்தது. தண்டனை 14 மாதம். தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு வெளியே விடும் பரோல் பெடரலில் 1987-லேயே ஒழிந்துவிட்டது. ஒழுங்காக இருந்தால் வருடத்துக்கு 54 நாள் வரை கழியும்.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கோர்ட்டுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போய்வருகிறவள். பெடரல் கோர்ட்டில் அதற்கு 1978-லிருந்து சட்டம் இருக்கிறது. வழக்கு அரசு தொடுத்ததாக இருந்தால் செலவும் கோர்ட்டுடையது. நம் ஆட்கள் பலர் "ஆங்கிலம் சமாளிச்சுக்குவேன்" என்று வேண்டாம் என்றுவிடுகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்.

ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருந்தார். அந்த நாளில் நீதிபதி வரிசையாகக் கேட்பார்: யாராவது மிரட்டினார்களா, வக்கீல் மேல் திருப்தியா, குடிமகன் இல்லை என்றால் நாடு கடத்தப்படலாம் என்று தெரியுமா. இவர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில், "ஐயா பார்த்து எது செஞ்சாலும் சரிங்க" என்றார். நான் அப்படியே சொன்னேன், சேர்க்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வக்கீலோடு தனியாகப் பேசிவிட்டு வரச் சொல்லி அரை மணி நேரம் ஒத்திவைத்தார். மரியாதைக்காகத் தலையாட்டுவது நமக்குப் பிறவிப் பழக்கம். அங்கே அது சம்மதமாகப் பதிவாகிவிடும்.

இன்னொன்று. சிறையிலிருந்து வீட்டுக்கு வரும் போன் பதிவாகிறது. தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள். அதை மொழிபெயர்க்கவும் ஆள் வைப்பார்கள்.

*

நான் இன்னொரு வாசகி. எங்கள் வீட்டில் நடந்தது வேறு. என் கணவருக்கு, "நீங்கள் ஒரு விசாரணையின் இலக்கு" என்று அரசு வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. அவர் செய்யப் பார்த்த முதல் காரியம் பழைய வாட்ஸ்அப் செய்திகளை அழிப்பது. நான் போனைப் பிடுங்கிவைத்தேன். அழித்திருந்தால் அதற்கே தனி வழக்கு, அதிலும் 20 ஆண்டு வரை உண்டு என்று வக்கீல் பிறகு சொன்னார். ஏஜெண்டுகள் வந்தபோது கதவைத் திறக்காமலே, "உங்கள் கார்டை வைத்துவிட்டுப் போங்கள், எங்கள் வக்கீல் கூப்பிடுவார்" என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டேன். குற்றம் சாட்டலாமா என்று முடிவெடுக்கும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரிக்குப் போகும் முன்பே, எங்கள் வக்கீல் ஆவணங்களோடு அரசு வக்கீலிடம் பேசினார். எட்டு மாதம் கழித்து, வழக்கு இல்லை என்றார்கள்.

*

மிச்சிகனிலிருந்து எழுதுகிறேன். விசா மோசடியைப் பிடிக்க, ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று அரசே நடத்திய போலிக் கல்லூரி நினைவிருக்கும். 2019 ஜனவரியில் ஆள் சேர்த்துக் கொடுத்த எட்டுப் பேர் மேல் கிரிமினல் குற்றச்சாட்டு. மாணவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது குடிவரவு நடவடிக்கை. என் அறைத்தோழனும் அதில் மாட்டினான். குடிவரவு கோர்ட்டில் நமக்கு வக்கீலை அரசு தராது, சொந்தச் செலவுதான். இந்த வித்தியாசம் எங்கள் யாருக்கும் அப்போது தெரியவில்லை.

*

முதலில் எழுதிய நான்தான் மறுபடியும். மிச்சிகன் தம்பி சொன்னது சரி, என் அக்கா மகன் விஷயத்தில் நாங்களும் குடிவரவில்தான் அடிபட்டோம். இழப்பு 10,000 டாலருக்கு மேல் போன மோசடி என்றால் நாடு கடத்தலிலிருந்து தப்புவது மிகக் கஷ்டம். ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதைச் சொல்லவேண்டியது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010-இல் படில்லா வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. எங்கள் வக்கீலும் ஒளிக்காமல் சொன்னார். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டான்.

தண்டனை முடிந்ததும் தடுப்பு மையத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்தே விமானம் ஏற்றினார்கள். வழியனுப்ப முடியவில்லை. அவன் சூட்கேஸை நான்தான் அந்த மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது திருநெல்வேலியில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். கோர்ட் போட்ட இழப்பீடு இன்னும் பாக்கி இருக்கிறது. மாதம் பிறந்ததும் என் கணக்குக்குப் பணம் போட்டுவிட்டு, "மாமா, கட்டியாச்சா?" என்று கேட்பான். நான் ரசீதைப் படம் எடுத்து அனுப்புவேன்.